கூரையிலிருந்து விழுந்த கொள்ளைக்காரன் எழுதிக்கொள்வது

கராஷோக்கி குதிரைப் பண்ணை,
இலி ஆற்றின் வடகரை,
கஸாக் நாடு.
ஏப்ரல் 6, 1975

‘திரையும் பார்வையாளரும்’ மாத இதழின் ஆசிரியர் தோழர் அவர்களுக்கு,

மரியாதைக்குரிய ஐயா, தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவர்களும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர்களும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே நாங்களும் நலமே. பனி உருகிச் சேறாகி, சேறும் பாதி காய்ந்துவிட்டது. இந்த வசந்தத்தில் இதுவரை நாற்பத்தொரு குட்டிகள் பிறந்திருக்கின்றன. நாற்பத்தொன்றும் தம் காலிலேயே நிற்கின்றன. என் பெயர் துங்கிஷ்பாய் மிர்ஸகாலியெவ். வயது ஐம்பத்து நான்கு. இந்தப் பண்ணையில் கால்நடை மருத்துவரின் உதவியாளன். மருத்துவர் பதவி ஆறு வருடமாகக் காலியாக இருப்பதால், யாருக்கு உதவியாளன் என்று மட்டும் கேட்காதீர்கள். தங்கள் இதழுக்கு ஒன்பது வருடமாகச் சந்தாதாரன். இதழ் என் கைக்கு வரப் பத்து நாள் தாமதமாகும், ஏனென்றால் எங்கள் தபால்காரி உல்போசின் அதை முதலில் தான் படித்துவிட்டுத்தான் தருவாள். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. முக்கியமான விஷயங்களைக் குதிரையில் வரும்போதே தூரத்திலிருந்து கத்திச் சொல்லிவிடுவாள். எனக்குக் கண்ணாடியைத் தேடுகிற வேலை மிச்சம். ஆனால் இந்த மார்ச் இதழைக் கொண்டுவந்தபோது அவள் ஒன்றும் கத்தவில்லை. இதழைக் கையில் கொடுத்தாள், என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள், குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அப்போதே எனக்கு மனசு சரியில்லை.

விஷயம் இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. ‘உப்பு ஏரிக்கு அப்பால்’ படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் எழுதிய கருத்துகளைத் தாங்கள் அங்கே வெளியிட்டிருக்கிறீர்கள். முதலில் கோர்க்கி நகரத்துப் பொறியாளர் ஒருவர், கதாநாயகன் ஏழு குண்டு போடும் துப்பாக்கியில் பதினொரு முறை சுடுகிறான் என்று எண்ணி எழுதியிருந்தார். நியாயம்தான், நானும் எண்ணினேன், எனக்குப் பன்னிரண்டு வந்தது. மூர்மான்ஸ்க் மாலுமி ஒருவர் படம் அருமை, ஆனால் கடல் இல்லை என்று வருத்தப்பட்டிருந்தார். பாலைவனத்தில் குதிரைகள் ஓடுகிற படத்தில் அவருக்குக் கடலை எங்கே வைப்பது, அது உங்கள் கவலை. கஸான் நகரத்து மாணவி ஒருத்திக்குக் கதாநாயகனின் வீட்டு முகவரி வேண்டுமாம். வரோனெஷ் ஆசிரியர் ஒருவர், கொள்ளையர் கூட்டம் பயந்து சிதறியோடும் காட்சியில் உள்ள மன உண்மையைப் பாராட்டியிருந்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கடைசியாக வோலக்டா நகரத்து நூலகர் தோழர் ப்ரஸ்விர்னினா. அந்த அம்மா எழுதியதை நான் இப்போது மனப்பாடமாகவே சொல்வேன். படம் முழுக்க நன்றாக இருக்கிறது, ஆனால் கோட்டைக் கூரையில் குண்டடிபட்டு விழும் தடித்த கொள்ளைக்காரனை நம்ப முடியவில்லை, மாவு மூட்டையைத் தள்ளிவிட்டது போல விழுகிறான், சாகிற மனிதன் அப்படி விழமாட்டான் என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, அந்தத் தடித்த கொள்ளைக்காரன் நான்தான்.

இந்தக் கடிதத்தை மூட்டை என்ற சொல்லுக்குக் கோபித்துக்கொண்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். என் உருவம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாத நிலைமை எனக்கு வந்திருக்கிறது. அதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், படம் எடுக்க ஆட்கள் இங்கே வந்ததிலிருந்து சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆகஸ்டு மாதம், பதினொரு லாரிகள் வந்தன. வற்றிப்போன உப்பு ஏரியின் ஓரத்தில் ஒட்டுப்பலகையால் ஒரு கோட்டை கட்டி, மேலே களிமண் பூசினார்கள். பூசியது எங்கள் ஊர்ப் பெண்கள். அதனால் எந்தச் சுவர் யாருடையது என்று இன்றைக்கும் சண்டை உண்டு. டைரக்டர் வெனியமின் லுகிச் ஒல்லியான மனிதர், வெயிலுக்குத் தலையில் ஈரத் துண்டோடுதான் நடப்பார். மூன்றாம் நாள் ஊர் ஆண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இந்தப் பக்கம் செம்படை, அந்தப் பக்கம் கொள்ளையர் என்று பிரித்தார். எங்கள் பண்ணைத் தலைவர் தோஸ்ஜான் முப்பது வருடக் கட்சி உறுப்பினர். அவரைப் பார்த்தவுடன் டைரக்டர், மீசை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கொள்ளையர் பக்கம் அனுப்பிவிட்டார். தலைவர் அன்றைக்கே கூட்டம் கூட்டினார். மூன்று மணி நேரம் விவாதித்து, அவர் கொள்ளையனாகத்தான் வருவார், ஆனால் படத்தின் நடுவில் மனம் திருந்துவார் என்று தீர்மானம் போட்டு, டைரக்டரிடமும் ஒப்புதல் வாங்கினார்கள். திருந்துகிற காட்சியை எடுக்கவும் எடுத்தார்கள். தலைவர் வானத்தைப் பார்த்து அழுதார், நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆனால் படத்தில் அவர் மூன்றாவது நிமிடத்திலேயே செத்துப்போகிறார். செத்தபின் திருந்த வழியில்லை. அதற்குப் பிறகு பால் கறக்கிற பெண்கள் அவர் பேச்சைக் கேட்பதே இல்லை. ஏதாவது வேலை சொன்னால், நீங்கள் இறந்து எவ்வளவு காலமாகிறது என்று கேட்கிறார்கள்.

என்னை என் வயிற்றுக்காகக் கொள்ளையர் பக்கம் நிறுத்தினார்கள். என் மனைவி குல்பர்ஷினின் தம்பி எசெங்கெல்தி பண்ணையில் குதிரைப்பால் புளிக்க வைக்கிற பீப்பாய்களுக்குப் பொறுப்பாளன். வயிற்றில் எனக்குக் கொஞ்சமும் இளைத்தவன் இல்லை. ஆனாலும் அவனைச் செம்படையில் சேர்த்து, கையில் கொடியையும் கொடுத்துவிட்டார்கள். முகம் அப்பாவி முகமாம். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. சாப்பாட்டு விரிப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "அக்கா, கொள்ளைக்காரருக்கு எதுக்கு நெஞ்செலும்புக் கறி? எலும்பு மட்டும் போடு, வர்ற வாரம் சாகப்போறவரு" என்பான். குல்பர்ஷினும் என் தட்டிலிருந்து எடுத்து அவன் தட்டில் வைப்பாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள், ஐயா. கேட்டால், வரலாறு அவன் பக்கம் இருக்கிறது என்று சொல்கிறாள்.

குதிரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வரோனெஷ் ஆசிரியரின் கருத்துக்குச் சம்பந்தப்பட்டது. படக்காரர்கள் கொண்டுவந்த குதிரைகள் மொத்தம் ஆறு. தட்டினால் விழும், விசிலடித்தால் எழுந்திருக்கும். கொள்ளையர் கூட்டத்துக்கு எங்கள் பண்ணைக் குதிரைகள் முப்பத்தைந்தை நான்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். எங்கள் குதிரைகளுக்கு அறிவு அதிகம். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அங்கே நிற்பது உடம்புக்கு நல்லதில்லை என்று அவற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டைரக்டர் கையைத் தூக்கினார், துப்பாக்கி வெடித்தது, முப்பத்தைந்தும் திரும்பி, மேலே உட்கார்ந்திருந்த கொள்ளையரோடு ஆறு கிலோமீட்டர் ஓடி நேராக எங்கள் லாயத்துக்குள் போய் நின்றன. தலைவர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் கடிவாளத்தை விட்டுவிட்டு ஆண்டவனைப் பிடித்துக்கொண்டேன். இந்த வரியை மட்டும் அச்சில் போடாமல் விட்டுவிடுங்கள். அந்த ஓட்டத்தைத்தான் படத்தில் கொள்ளையரின் கோழைத்தனமான ஓட்டமாகக் காட்டியிருக்கிறார்கள். வரோனெஷ் ஆசிரியர் கண்ட மன உண்மை முழுக்க முழுக்கக் குதிரைகளுடையது. அவருக்குத் தெரிவித்தால் நன்றாக இருக்கும், குதிரைகளுக்கும் ஒரு பாராட்டு வேண்டுமல்லவா?

இனி நான் விழுந்த கதைக்கு வருகிறேன். கடைசி வாரத்தில் என் சாவு. கோட்டைக் கூரையில் நான் நிற்க வேண்டும், கதாநாயகன் கீழே இருந்து சுடுவான், நான் பின்பக்கமாக வைக்கோல் போரில் விழ வேண்டும். அந்த வைக்கோல் பண்ணையின் குளிர்காலத் தீவனம். அதன்மேல் நான் விழக் கூடாது என்று குல்பர்ஷின் வந்து வாதாடினாள். மாட்டுக்கு வாசனை பிடிக்காது என்றாள். அவளை ஒரு வழியாகச் சமாதானப்படுத்தி உட்கார வைத்த பிறகு டைரக்டர் மேலே ஏறிவந்து, சாவது எப்படி என்று எனக்குச் செய்து காட்டினார். இரண்டு கையையும் விரித்து, ஒரு சுற்று சுற்றி, நெஞ்சைப் பிடித்து, நீளமாக ஒரு குரல் கொடுத்து, அப்புறம் விழ வேண்டுமாம்.

நான், "அப்படி யாரும் விழமாட்டாங்க, தோழர்" என்றேன்.

"பார்க்கிறவனுக்கு ஆள் செத்துட்டான்னு தெரியணுமே."

"சாகிறவனுக்கே அது தெரியாது. பார்க்கிறவனுக்கு எங்கிருந்து தெரியும்?"

அவர் தலையிலிருந்த ஈரத் துண்டை எடுத்துவிட்டு, நான் எங்கே போரில் இருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஐயா. நாற்பத்திரண்டாம் வருடம் பிப்ரவரியில் ஸ்தாராயா ரூஸ்ஸாவுக்குத் தெற்கே ஒரு காட்டோரத்தில் நின்றோம். எங்கள் ஊர் மக்சூத் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் கையுறையில் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது. அதை என்னிடம் காட்டி, "உன்கிட்ட ஊசி" என்பது வரை சொன்னான். கை விரியவில்லை, குரல் வரவில்லை, முகம்கூட மாறவில்லை. வண்டியிலிருந்து இறக்கி வைத்த மூட்டை போல நின்ற இடத்திலேயே இறங்கிவிட்டான். நான் "இல்லடா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்.

டைரக்டரும் போருக்குப் போனவர்தானாம், வேறு முனையில் தந்திக் கம்பி இழுக்கிற வேலை. கீழே வேடிக்கை பார்த்தவர்களை எல்லாம் தேநீர் குடிக்கப் போகச் சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரிந்தபடி விழுங்கள் என்றார். நான் மூன்று முறை விழுந்தேன். முதல் முறை வெட்கமாக இருந்தது. இரண்டாம் முறை தொப்பி பறந்துபோயிற்று. மூன்றாம் முறை நான் எதையும் நினைக்காமல், ஊசி இருக்கிறதா என்று மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொண்டு விழுந்தேன். டைரக்டர் வைக்கோல் போருக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் எசெங்கெல்திகூட என் தட்டில் கை வைக்கவில்லை.

படம் போன நவம்பரில் எங்கள் கிளப்புக்கு வந்தது. திரை என்பது இரண்டு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்தது. காற்று அடித்தால் பாலைவனம் அலையடிக்கும். மூர்மான்ஸ்க் மாலுமி இங்கே வந்து பார்த்திருந்தால் அவருக்குக் கடலும் கிடைத்திருக்கும். படத்தில் நடித்தவர்கள் கலைஞர்கள் என்பதால் எங்களுக்குக் கடைசி வரிசையில் முதுகு சாயும் பெஞ்சு போட்டிருந்தார்கள். கதை யாருக்கும் புரியவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் தன்னை மட்டும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதோ என் சுவர் என்று ஒரு பெண் எழுந்தாள். தலைவர் மூன்றாம் நிமிடத்தில் செத்ததும் எழுந்து வெளியே போய், கிளப்பின் கருத்துப் புத்தகத்தில், படத்தின் தொடக்கம் மிகச் சிறப்பு, பிற்பகுதியில் கொஞ்சம் தொய்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் விழுந்த இடம் வந்தபோது கிளப் முழுவதும் அமைதியாகிவிட்டது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. குல்பர்ஷின் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். முப்பது வருடத்தில் என் வேலைக்கு இப்படி ஒரு மரியாதை நான் பார்த்ததில்லை.

எனக்கு அன்றைக்கு ஒரே ஒருவருடைய கருத்துதான் முக்கியமாக இருந்தது. மக்சூத்தின் மனைவி ஷர்பானு எங்கள் ஊரில்தான் இருக்கிறாள். பண்ணைக் குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. நான் நாற்பத்தைந்தில் திரும்பி வந்தபோது அவள் வாசலுக்கு வந்து கேட்டாள், நான் பொய் சொன்னேன். மக்சூத் முன்னால் பாய்ந்து, முழக்கமிட்டபடி வீரமாக விழுந்தான் என்று பத்திரிகையில் எழுதுகிற மாதிரி சொல்லிவிட்டேன். இருபத்து நான்கு வயசில் எனக்கு வேறென்ன தெரியும்? கையுறையில் ஓட்டை என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அந்த முழக்கம் அவள் காதில் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கு அது முழக்கமாகக் கேட்கவில்லை. வலியில் கத்தியதாகக் கேட்டிருக்கிறது. அன்றைக்குப் படம் முடிந்ததும் அவள் என் பெஞ்சுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நீங்கள் விழுந்த விதம் எங்கே பார்த்தது என்று மெதுவாகக் கேட்டாள். நான் கையுறை, ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

"அப்போ கத்தலையா, அண்ணே?" என்றாள்.

"இல்லம்மா. பேச்சு பாதியில நின்னுது, அவ்வளவுதான்."

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் நிறைய உலர்ந்த தயிர்க்கட்டி கொடுத்தனுப்பினாள். குல்பர்ஷின் அதை யாரையும் தொட விடவில்லை, எசெங்கெல்தியைக்கூட.

இந்த நிலைமையில்தான், ஐயா, உங்கள் மார்ச் இதழ் வந்தது. உல்போசின் படித்தாள் என்றால் ஊர் படித்தது என்று அர்த்தம். ஒரே வாரத்தில் என் பெயர் மாவு மூட்டை ஆகிவிட்டது. குதிரைக்கு ஊசி போடப் போனால், மூட்டை வருகிறது, வழி விடுங்கள் என்கிறார்கள். தலைவர் என்னைக் கட்டிப் பிடித்து ஆறுதல் சொன்னார். என்ன இருந்தாலும் மாஸ்கோ இதழில் உன் சாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், என் சாவை யார் கவனித்தார்கள் என்றார். இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஷர்பானு லாயத்துக்கு வந்தாள். சமையல் மேலாடையைக்கூட அவிழ்க்கவில்லை. சாகிற மனிதன் அப்படி விழமாட்டான் என்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்களே, அப்படியா என்றாள். பத்திரிகைக்கே எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு தடவை அவளிடம் பொய் சொன்னவன் நான். இப்போது உண்மையைச் சொல்கிறேன் என்றால் அவள் எதை வைத்து நம்புவாள்? எனக்குச் சாட்சி அந்த ஒரு காட்சிதான். அதையும் வோலக்டாவிலிருந்து ஒருவர் பொய் என்று எழுதிவிட்டார்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள். தோழர் ப்ரஸ்விர்னினா நல்லவராகத்தான் இருப்பார், நூலகங்களில் பொதுவாக நல்லவர்களே இருக்கிறார்கள். ஆனால் அவர் பார்த்த சாவெல்லாம் திரைச் சாவு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு ஆளாவது அப்படித்தான் மூட்டை மாதிரி இறங்கியிருக்கிறார்கள், அவர்கள் கையை விரிக்க நேரமே கிடைக்கவில்லை. அந்தக் காட்சியில் விழுந்தவன் சொந்தக் கண்ணால் பார்த்ததைத்தான் செய்தான், அதில் ஒரு கடுகளவும் பொய் இல்லை என்று அடுத்த இதழில் இரண்டு வரி போட வேண்டும். நான் விழுந்ததற்கு நானே உத்தரவாதம். வேண்டுமானால் பண்ணையின் முத்திரை வைத்தே தருகிறேன். தலைவர் சம்மதித்துவிட்டார், அவர் திருந்துகிற காட்சியைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தால்.

தங்கள் பேனாவில் மை உறையாமல் இருக்கட்டும், தங்கள் தட்டச்சுப் பெண்களின் விரல் நோகாமல் இருக்கட்டும், தங்கள் லாயத்தில் குதிரைகள் இருந்தால் அவை சுகமாகக் குட்டி போடட்டும். இல்லையென்றால் தங்கள் லிப்டு நிற்காமல் ஓடட்டும். என் மனைவி குல்பர்ஷினும், அவள் தம்பி எசெங்கெல்தியும், இந்தக் கடிதத்தை எப்படியும் பிரித்துப் படிக்கப்போகும் உல்போசினும் தங்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள்.

என்றும் தங்கள் வாசகன்,
துங்கிஷ்பாய் மிர்ஸகாலியெவ்,
கால்நடை உதவியாளர், இரண்டாம் கொள்ளைக்காரன்.

பின்குறிப்பு: ஏப்ரல் 17. ஐயா, மேலே எழுதியதை அச்சில் போட வேண்டாம். வெள்ளத்தில் பாலம் போய்விட்டதால் தபால் வண்டி பதினொரு நாளாக வரவில்லை, கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நேற்று பக்கத்துப் பண்ணையில் அதே படத்தை மறுபடி போட்டார்கள். எல்லோரும் டிராக்டர் வண்டியில் போனோம். அங்கே நான் கலைஞன் என்பது யாருக்கும் தெரியாததால் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்தேன், கண்ணாடியும் போட்டிருந்தேன். அங்கே திரை நிஜமான திரை, ஆடாது. நான் விழுகிற இடம் வந்தது. விழுகிறவன் காலில் கறுப்பு ரப்பர் காலணி. ஐயா, கொள்ளையர் எல்லோருக்கும் படக்காரர்கள் தோல் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் கோடையிலும் ரப்பர் காலணியோடு நடக்கிறவன் ஒருத்தன்தான், பீப்பாய் கழுவுகிறவன்.

திரும்பிப் பார்த்தேன். எசெங்கெல்தி எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தான். குல்பர்ஷினைக் கேட்டேன். அவள் ஒரு நிமிடம் தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். நான் விழுந்த அன்றைக்குக் காலையில், படக்காரர்கள் கருவியைச் சரிபார்க்கச் சும்மா கொஞ்சம் ஓடவிட்டிருக்கிறார்கள். எசெங்கெல்தி காலைக் குளிருக்கு என் கொள்ளைக்கார அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் தர்பூசணி தின்னக் கூரைக்கு ஏறியிருக்கிறான். தோலை மிதித்து வழுக்கி விழுந்திருக்கிறான். மூன்று நாள் நொண்டினானாம். பீப்பாய் உருண்டது என்று எனக்குச் சொன்னார்கள். கடைசியில் படத்தில் வைத்தது அதைத்தான்.

"ஊருக்கே தெரியும்" என்றாள் குல்பர்ஷின். "அன்னைக்குக் கிளப்புல எல்லாரும் சிரிப்ப அடக்கிப் பல்லக் கடிச்சுட்டு உட்கார்ந்திருந்தோம். உங்க முகத்தப் பார்த்து ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரல."

இன்று காலை நேராக ஷர்பானுவிடம் போனேன். வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். திரையில் விழுந்தது நான் இல்லை என்றேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ண்ணே. ரப்பர் காலணிய அப்பவே பார்த்தேன்."

அப்படியென்றால் எதற்காக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாய், செவ்வாய்க்கிழமை எதற்காக லாயத்துக்கு வந்தாய் என்று கேட்டேன்.

"திரையில யாரு விழுந்தா எனக்கென்ன? நீங்க இருட்டுல அந்த இடத்துல கண்ண மூடிக்கிட்டீங்க. அதப் பார்த்துத்தான் கேட்க வந்தேன். செவ்வாய்க்கிழமை வந்தது, அந்த ஊசி விஷயத்த இன்னொரு தடவ உங்க வாயால கேட்கலாம்னு. நீங்கதான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதணும்னு ஓடிட்டீங்க."

அப்புறம் நான் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு தடவை முழுவதும் சொன்னேன். அவள் நறுக்கிக்கொண்டே கேட்டாள். வெங்காயம் நிறைய இருந்தது.

ஆகவே மறுப்பு எதுவும் வேண்டாம். நான் மூன்று முறை விழுந்த படச்சுருள் ஸ்டூடியோவில் ஏதாவது தகர டப்பாவில் கிடந்தால், அதைத் தூக்கி எறிய வேண்டாம் என்று மட்டும் தெரிந்தவர்களிடம் சொல்லிவையுங்கள். எசெங்கெல்தி இன்று மதியத்திலிருந்து தங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான், தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட வேண்டுமாம். அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள். வோலக்டா அம்மாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். அவர் கண் நல்ல கண். அவர் எழுதியதும் சரி, நான் எழுதியதும் சரி. விழுந்த ஆள்தான் தப்பு.